இரண்டாவது வரியில் இருந்த மார்க்

"…அதாங்காட்டி நான் வேற யாரையும் கேக்கல சார். ஸ்கூல் டீச்சரு கெடைக்கும்ன்றாங்கோ, எம் மச்சான் கெடைக்காதுன்றான். அல்லாம் வாய்ப்பேச்சு. நீ ஒரு தபா கேஜ் போட்டுப் பாத்து சொல்லிட்டேன்னா, அப்பால எனுக்கு வேற பேச்சே கெடையாது," என்று சொல்லிக்கொண்டே அவர் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் செருப்பைக் கழற்றினார்.

அவர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொன்னது தன் மகளை. அவள் அவருக்குப் பின்னால், பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்த பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நம் வயசுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பயந்த பிள்ளைகள் உண்டு, நான் திருத்தியதில்லை. அப்பாவின் வேலை, லேத்தில் கடைந்து வந்த இரும்புச் சாமான்களின் துளையைச் சோதிப்பது. அதற்குக் கையடக்கமாக ஓர் எஃகுத் தண்டு. ஒரு முனையில் 'கோ' என்றும் மறுமுனையில் 'நாட் கோ' என்றும் பொறித்திருக்கும். முதல் முனை துளைக்குள் போக வேண்டும், அடுத்த முனை போகக் கூடாது. சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் சிவப்பு பெயின்ட். நடுவில் இன்னொரு தட்டு கிடையாது. அந்தத் தண்டுக்குத்தான் கேஜ் என்று பெயர்.

செருப்பைக் கழற்றியவர், அந்தச் சாமான்களை ட்ரேயில் அடுக்கி அப்பாவின் மேசைக்குத் தூக்கி வருகிறவர். எங்கள் வீட்டில் அவருக்கு ட்ரேக்காரர் என்றே பெயர். மேனாம்பேட்டுக்காரர். கழனி எல்லாம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஷெட்டுகளுக்குப் போனபின் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலமாகத் தொழிற்சாலைக்கு வந்தவர். 'சார்' என்பார், உடனே 'நீ' என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் மரியாதை குறையாமல் சொல்ல மெட்ராஸ்காரர்களால்தான் முடியும். திருநெல்வேலியிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. "நீங்கன்னு ஒரு வார்த்தை இவுக ஊர்ல முளைக்கவே இல்லையா?" என்பாள். ட்ரேக்காரரோ பதினான்கு வருஷமாக அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர். "மிசின் பொய் சொல்லும், மிசின்காரன் பொய் சொல்லுவான். எங்க சாரு கையில கீற கேஜ் மட்டும் பொய் சொல்லாது," என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டு திரிவாராம்.

ரிசல்ட் வந்ததும் வருகிற இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் நாலைந்து ஜோடிச் செருப்பு கிடக்கும். அப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வருஷா வருஷம் ஒரு நாள் லீவு போட்டு, ரயிலேறி, நகரத்திலுள்ள பெரிய இன்ஜினீயரிங் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளிலிருந்து, கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மார்க் என்ன என்று எழுதிவந்து அதில் ஏற்றுவார். கல்லூரிக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று வரி. முதல் வரி பொது. இரண்டாவது பிற்பட்டோர். மூன்றாவது ஆதிதிராவிடர், பழங்குடியினர். அப்போது நுழைவுத் தேர்வெல்லாம் வரவில்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கைக் கூட்டிச் சுருக்கினால் ஓர் எண் வரும். அதற்குமேல் ஒரு இன்டர்வியூ. கொண்டுவந்த எண்ணை அப்பா நோட்டிலிருக்கும் எண்ணோடு வைத்துப் பார்ப்பார். "போகும்" என்பார், அல்லது "போகாது" என்பார். 'பார்க்கலாம்', 'முயற்சி பண்ணலாம்' என்ற சொற்கள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவர் 'போகும்' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே ஹாஸ்டலுக்கு டிரங்குப் பெட்டி வாங்கின குடும்பங்கள் உண்டு.

இப்போது எங்கள் அடுக்ககத்தில் மாடி வீட்டுப் பெண் ஒருத்தி போனைக் காட்டுகிறாள். மார்க்கைத் தட்டினால் எந்தக் கல்லூரி பச்சை, எது மஞ்சள், எது சிவப்பு என்று அது சொல்கிறது. "ஆன்ட்டி, இது எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று கேட்டாள். நான் காபி போட எழுந்து போய்விட்டேன். அன்றிலிருந்துதான் இதை எழுத வேண்டும் என்று உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் ஒரு பிளஸ் டூ இருந்தது. அண்ணன். அவனுக்கு மார்க் சுமாராக வந்திருந்தது. அம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம் ட்ரேக்காரர் மகளைப் பற்றிச் சொல்லுவாள். "அந்தப் பிள்ளை மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து படிச்சிருக்கா. அவ மூஞ்சியில எண்ணெய் வழியுது, மார்க்கும் வழியுது. உன் மூஞ்சியில பவுடர் மட்டுந்தான் வழியுது." அண்ணன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோவான். எனக்குக் கண்ணில் நீர் முட்டும். என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துத் திருமுல்லைவாயல் வரை ஓட்டிக்கொண்டு போகிறவன் அவன். அவனுக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்வேன் என்று இருந்தேன்.

வீட்டில் எந்நேரமும் 'சீட்', 'சீட்' என்றே பேச்சு. எனக்குத் தெரிந்த சீட் மின்சார ரயில் சீட். ஆவடியில் ஏறும்போது முந்திக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் நமக்கு இல்லை. அவள் அம்பத்தூரில் இறங்கிவிட்டால் நாம் உட்காரலாம். இதுதான் என் கணக்கு. அந்த அக்கா இறங்கிவிட்டால் அண்ணன் உட்காரலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் கிரைண்டிங் மிஷினிலிருந்து ஒரு தூசி பறந்து அப்பாவின் வலது கண்ணில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டு. மற்றக் கண்ணிலும் களிம்பு. நாலு நாளைக்கு எதையும் வாசிக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் அன்றைக்கு நோட்டு என் மடியில் இருந்தது. அந்த அக்கா தன் மார்க்கைக் கூட்டிச் சுருக்கிய எண்ணைச் சொன்னாள்.

"ஏட்டி, பெரிய காலேஜ் பக்கத்தை எடு. போன வருஷம். ரெண்டாவது வரி. அதை மட்டும் வாசி," என்றார் அப்பா.

நோட்டில் அப்பாவின் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். தப்பாகப் படிக்க வழியே இல்லை. இரண்டாவது வரியில் இருந்த எண், அந்த அக்காவின் மார்க்கைவிட ஒன்றரை குறைவு. அதாவது அவள் உள்ளே. அண்ணனின் மார்க் நோட்டிலிருந்த அந்த எண்ணைவிட இரண்டரை குறைவு. அவன் வெளியே. ஒரு நொடிதான். நான் முதல் வரியை வாசித்தேன்.

அப்பா அந்த எண்ணை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "ரெண்டாவது வரிதானே?"

"ஆமாப்பா."

அவ்வளவு சுலபமாக இருந்தது. பொய் சொன்னால் நாக்கு தடுமாறும் என்றெல்லாம் சொல்வார்களே, எனக்கு ஒன்றும் தடுமாறவில்லை.

"மூணரை கொறையுது. போகாது," என்றார் அப்பா.

ட்ரேக்காரர் தலையை ஆட்டினார், ட்ரேயில் ஒரு சாமானுக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னால் ஆட்டுவதைப் போல. அவர் மகள்தான் பேசினாள்.

"சார், இது போன வருசத்துதான சார்? இந்த வருசம் மாறாதா?"

"மாறும்மா. வருஷத்துக்கு வருஷம் பிள்ளைக நல்லாப் படிக்குது. மேலதான் போகும், கீழ வராது."

"ஃபாரம் போட்டு வெச்சா இன்னா சார் தப்பு? நான் அந்த நோட்டை ஒரு தபா பாக்கலாமா?"

நான் நோட்டை மூடினேன். ட்ரேக்காரர் அவள் பக்கம் திரும்பி, "ஏ, இன்னாமே நீ, சார்கிட்டயே குறுக்க கேட்டுகினு. சார் அளந்து சொன்ன அப்பால நீ இன்னா திரும்பி அளக்கறது?" என்றார். அதட்டலாகக்கூட இல்லை. மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். பிறகு அப்பாவைக் கும்பிட்டார். "உண்மைய சொன்னியே சார், அது போதும். ஜாதி சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ்ல நாலு நாளு நிக்கணும்னாங்கோ. அது மிச்சம்." அம்மா கொடுத்த மோரை இருவரும் குடித்தார்கள். அந்த அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் அப்பா அண்ணனுக்கும் 'போகாது' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அம்மா விடவில்லை. "உங்க கேஜை ஃபேக்டரியோட வச்சுக்கிடுங்க. என் பிள்ளைக்கு ஃபாரம் வாங்கியே ஆகணும்," என்று அடுக்களையிலிருந்தே சொன்னாள். அப்பா வாங்கிவந்தார். தன் பிள்ளைக்கு மட்டும் அந்த எஃகுத் தண்டைக் கீழே வைத்தார். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது, அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆனபின், அவருடைய வாழ்க்கையிலேயே எனக்கு விளங்காத இடம் இதுதான்.

அந்தக் கோடையின் மற்ற சங்கதிகள் ஏனோ ரொம்பத் தெளிவாக இருக்கின்றன. ஆலைச் சங்கு ஊதியதும் மெயின் கேட்டிலிருந்து ஆறு மாதிரி வழியும் சைக்கிள்கள். அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைத்தாலும் போகாத கட்டிங் ஆயில் வாசனை. அவருடைய சிவப்பு நீலப் பென்சில், ஒரு பக்கம் சீவினால் சிவப்பு, மறுபக்கம் நீலம். அது எந்தக் கடையிலும் இப்போது இல்லை. வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் சுண்ணாம்பு. இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. அந்த அக்காவின் முகம் மட்டும், எவ்வளவு முயன்றாலும், டம்ளரைக் கவிழ்க்கிற கையாகத்தான் வருகிறது.

ஒரு மாதம் கழித்து அம்மாவோடு அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். எஸ்டேட் ஷிப்ட் முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவள். நட்டு போல்ட் பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"அண்ணனுக்கு இன்டர்வியூ கார்டு வந்துச்சா பாப்பா?"

வந்திருந்தது. மறுநாள் அவள் தன் அப்பாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தனுப்பினாள். இன்டர்வியூவில் என்னென்ன கேட்பார்கள் என்று சீனியர் பெண்களிடம் விசாரித்து, கேள்வியும் பதிலுமாக எழுதிவைத்த நோட்டு. பேப்பரிலிருந்து வெட்டிய அணை, ராக்கெட், பாலம் படங்கள் பசைபோட்டு ஒட்டியிருந்தன. 'எனுக்கு இது சும்மாதான் கெடக்குது' என்று சொல்லச் சொன்னாளாம். அண்ணன் அதை மனப்பாடம் செய்தான். கேள்வி கேட்டு ஒப்பிக்கவைத்தது நான்தான். அவளுடைய எழுத்தை நான் சத்தமாக வாசிக்க வாசிக்க அவன் பதில் சொன்னான். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காமல் போனது. அம்மா வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள், வயிற்றில் பூச்சி என்று.

அண்ணனுக்குச் சீட் கிடைத்தது. பெரிய காலேஜிலேயே கிடைத்தது. அந்த வருஷம் கடைசி மார்க் எல்லை கீழே இறங்கிவிட்டது. கணக்குப் பேப்பர் கஷ்டமாம், எல்லாருக்கும் மார்க் குறைவாம். துளைக்கு வரைபடம் உண்டு, அது மாறாது. கல்லூரிக்கு அப்படி ஒரு வரைபடம் கிடையாது. இது அப்பாவுக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், முப்பது வருஷம் ஒரே தண்டைப் பிடித்த கை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா செக்ஷன் முழுவதற்கும் மைசூர்பாகு கொண்டுபோனார். ட்ரேக்காரர் முதல் ஆளாக வந்து கையைப் பிடித்துக் குலுக்கினாராம். "சின்ன சார் சாதிச்சிட்டாரு. இன்னா மார்க் சார் அவுரு?" என்று கேட்டாராம், பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான். அப்பா சொன்னாராம். ட்ரேக்காரர் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாராம். "எம் பொண்ணுக்கு அதவிட நாலு கூட சார்," என்றாராம். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. தனக்குத்தான் கூட்டல் தெரியவில்லையோ என்கிற குரலில். பிறகு, "நாங்களும் அதே ஜாதி லிஸ்ட்டுதான சார்?" என்று கேட்டாராம்.

அப்பா அன்று சங்கு ஊதுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றவில்லை. அலமாரியிலிருந்து நீள நோட்டை எடுத்தார். கண் குணமாகி ரொம்ப நாளாகியிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து, இரண்டாவது வரியில் விரலை வைத்து, என்னைக் கூப்பிட்டார்.

"இதை வாசி."

வாசித்தேன்.

"அன்னைக்கு இதையா வாசிச்ச?"

அம்மா இடையில் வந்து, "சின்னப் பிள்ளை, வரி மாறியிருக்கும்," என்றாள். தப்பித்துக்கொள்ள எனக்கு அங்கே ஒரு வழி திறந்தது. ஆனால் அப்பா என்னைப் பார்க்கவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அளக்கல. அளக்காம முத்திரை வச்சிருக்கேன்," என்றார். அவர் வேலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "வரி மாறலப்பா. தெரிஞ்சேதான் வாசிச்சேன். அண்ணனுக்குச் சீட் வேணும்னு," என்றேன்.

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். அன்றைக்கும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. ரிட்டயர் ஆகிவிட்டான். பேத்தி இருக்கிறாள். போனில் எல்லாம் பேசுவோம், இதைத் தவிர.

"கவுனை மாத்திட்டு வா," என்றார் அப்பா.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேனாம்பேட்டில் தெரு தெரியாமல் ஓர் அம்மாளிடம் விசாரித்தோம். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "யாரு, இஞ்சினீருக்குப் படிக்கப் போறேன்னு சொல்லிகினு இருந்துச்சே, மார்க் பத்தலன்னு பேக்டரி சாரே சொல்ட்டாராமே, அந்தப் பொண்ணு ஊடா? அதோ, மாடு கட்டிகினு கீது பாரு," என்று கை காட்டினாள். அப்பா சைக்கிளை ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்.

ட்ரேக்காரர் பனியனோடு மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் பதறிப் போய், "இன்னா சார், சொல்லி அனுப்பிச்சா நான் வந்துருப்பேனே," என்று நாற்காலியைத் துடைத்தார். அப்பா உட்காரவில்லை. மகளையும் கூப்பிடச் சொன்னார். அவள் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து கையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். நுரையோடு வந்து நின்றாள்.

"சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்த அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எந்த வரிய படிச்ச?"

"மொதல் வரி."

"ரெண்டாவதுல எவ்ளோ இருந்துச்சு?"

அப்பா எண்ணைச் சொன்னார். அவள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். விரல்களில் நுரை உடைந்துகொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் போடலாம்மா. ஃபாரம் நானே வாங்கிட்டு வாறேன். தாலுகா ஆபீஸ்ல நானே நிக்கேன்," என்றார் அப்பா. அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"வர்ற வருசம் மேலதான் போவும், கீழ வராதுன்னு நீங்கதான சார் சொன்னீங்கோ," என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள். அடுத்த வருஷம் அப்பா ஃபாரம் வாங்கிக்கொண்டு போனதும், அவள் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டதும், நிரப்பாமலே விட்டதும் பிறகு நடந்தவை.

ட்ரேக்காரர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ போயிருக்கும். இல்ல சார்?"

"போயிருக்கும்," என்றார் அப்பா.

"நீயே சொல்றியே சார். அது போதும்."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பித்தானைக்கூடப் போடவில்லை. எங்களைத் தாண்டித் தெருவில் இறங்கி, எதிர் வீட்டு வாசலில் நின்று, "யக்கா, தோ இங்க வா. எம் பொண்ணுக்கு மார்க் பத்தும்மா. பத்தலன்னு நான் சொன்னது தப்பு. சாரே ஊட்டாண்ட வந்து சொல்லிகினு கீறாரு," என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் என்ன கேட்டாளோ, "இல்லக்கா, சீட்டெல்லாம் முடிஞ்சி போச்சி. மார்க் பத்தும், அதச் சொல்ல வந்தேன்," என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் அதையே சொன்னார். அதற்கடுத்த வீட்டில் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.